மேட்ரிக்ஸ் ரீலோடட்: நியோவுக்கு வலிக்கவே இல்லை!

முதல் மேட்ரிக்ஸ் (1999) நான் பிறப்பதற்கு முன்பே வந்த படம். பிளஸ் ஒன் படிக்கும்போதுதான் பார்த்தேன். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. நாம பார்க்கிறதெல்லாம் நிஜம்தானா என்று சுவரைத் தட்டிப் பார்த்தேன். சிரிக்காதீங்க, நீங்களும் தட்டியிருப்பீங்க!

அதே ஆசையில் போன வாரம் ஹாஸ்டலில் இரண்டாம் பாகத்தைப் போட்டேன். 2003 மே மாதம் வந்து, உலகம் முழுக்க 70 கோடி டாலருக்கு மேல் வசூலித்த படம். பாதியில் திரும்பினால் ரூம்மேட் குறட்டை விடுகிறான்.

(படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளவும். முடிவைச் சொல்லப்போகிறேன்.)

என்னதான் பிரச்சினை? முதல் பாகத்தில் ஏஜென்ட் ஸ்மித் வந்தாலே நமக்கு உதறும். நியோ ஓடுவான், அடி வாங்குவான், ஒரு கட்டத்தில் செத்தே போவான். இதிலோ அவன் பறக்கிறான், தோட்டாக்களை அந்தரத்தில் நிறுத்துகிறான். நூறு ஸ்மித்துகள் சேர்ந்து அடிக்கிறார்கள். கடைசியில் ஜிவ்வென்று பறந்து போய்விடுகிறான். அதை முதலிலேயே செய்திருக்கலாமே ராசா?

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது நெடுஞ்சாலைத் துரத்தல்தான். அதற்காகவே கலிஃபோர்னியாவில் அலமீடா என்ற ஊரில், பழைய கடற்படை விமானத் தளத்தில், சுமார் ஒன்றரை மைலுக்குத் தனியாகச் சாலை போட்டார்கள். ஆனால் அந்தக் காட்சி பிடித்ததற்குக் காரணம் செலவு இல்லை. அங்கே மாட்டிக்கொண்டவர்கள் மார்ஃபியஸும் டிரினிட்டியும். விழுந்தால் செத்துப்போவார்கள். நியோ வந்து சேர்வது கடைசி நொடியில்தான்.

அப்போ படம் முழுக்க மொக்கையா? அப்படியும் சொல்ல முடியாது. கடைசியில் ஆர்க்கிடெக்ட் என்ற பெரியவர் வருகிறார். நியோ முதல் ஆள் இல்லையாம், ஆறாவது ஆளாம். உலகைக் காக்க ஒருவன் வருவான் என்ற கதையே இயந்திரங்களின் ஏற்பாடாம். தேர்ந்தெடுக்க ஒரு வாய்ப்பு கொடுத்தால் போதும், கிட்டத்தட்ட 99 சதவீதம் பேர் அந்தப் பொய் உலகத்தை ஏற்றுக்கொள்வார்களாம். எவ்வளவு பெரிய விஷயம்! அதைப் போய் வக்கீல் நோட்டீஸ் மாதிரி படித்துக் காட்டுகிறார். எனக்குப் புரிய மூன்று தடவை பின்னால் ஓட்ட வேண்டியிருந்தது.

ஆனால் புரிந்த பிறகு அந்த 99 என்னை விடவில்லை. இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் விருப்பப் பட்டியலை நானேதான் நிரப்பினேன். "என் சாய்ஸ்தான்" என்று சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொன்னேன். வரிக்கு வரி கல்லூரி மாறியது, கம்ப்யூட்டர் சயின்ஸ் மட்டும் மாறவில்லை. எனக்கு இன்ஜினியரிங் வேண்டுமா என்று அந்தப் பட்டியல் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

முன்னால் வந்த ஐந்து பேரும் போகாத கதவில் நியோ போகிறான், டிரினிட்டிக்காக. படம் முழுக்க அவன் பயந்து, யோசித்து, தானாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று தோன்றியது.

விடியற்காலையில் ரூம்மேட் எழுந்து, "படம் எப்படிடா?" என்றான்.

"சுமார்தான்டா. ஆனா தூக்கம் போச்சு."

மூன்றாம் பாகம் ஞாயிற்றுக்கிழமை. பார்த்துட்டுச் சொல்றேன்.