அண்ணாச்சி கடைக்கு ஒரு பில் மெஷின்

கல்லாப்பெட்டி, கால்குலேட்டர், கடன் நோட்டு. இந்த மூன்றை வைத்துத்தான் அண்ணாச்சி இருபது வருடமாகக் கடை நடத்தினார். சென்னைக்கு வெளியே, முடிச்சூர் பக்கம் ஒரு சின்ன மளிகைக் கடை. அவரும் மனைவியும் ஒரு கடைப் பையனும்தான் ஆட்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. கடைக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். அரிசி மூட்டை போனது, சர்க்கரை போனது. அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். கல்லாவுக்குக் கீழ்த் தட்டில் இருந்த கடன் நோட்டு கூழாகிப் போனதைத்தான் தாங்க முடியவில்லை. முப்பது குடும்பங்களின் கணக்கு அதில் இருந்தது!

தண்ணீர் வடிந்த பிறகு சிலர் தாங்களே வந்து சொன்னார்கள். ஒரு பாட்டி, "எம் பேர்ல 2,340 ரூபா இருந்துச்சுப்பா, மாசா மாசம் குடுத்துடறேன்" என்றார். சிலர் வேறு கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள். யாரையும் போய்க் கேட்க அவரிடம் ஆதாரம் இல்லை.

2024 ஆகஸ்டில் சீட்டு எடுத்து 60,000 ரூபாய் கைக்கு வந்தது. தீபாவளிச் சரக்கும் அதிலேதான் வாங்க வேண்டும். பில் மெஷினும் அதிலேதான்.

முதலில் வந்த விற்பனையாளர் தொடுதிரை கம்ப்யூட்டர், பிரின்டர், ஸ்கேனர், தானாகத் திறக்கும் கல்லா எல்லாம் சேர்த்து 58,000 ரூபாய் என்றார். இரண்டாம் வருடத்திலிருந்து சாஃப்ட்வேர் புதுப்பிக்க வருடம் 6,000.

"சூப்பர் மார்க்கெட் மாதிரி ஆயிடும் அண்ணாச்சி!"

"சூப்பர் மார்க்கெட் மாதிரி வாடகையும் ஆயிடுமா தம்பி?" என்று கேட்டார் அண்ணாச்சி :-)

இங்கே கொஞ்சம் வரலாறு. கேஷ் ரெஜிஸ்டரைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் ரிட்டி. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் மதுக்கடை வைத்திருந்தவர். வேலை ஆட்கள் கல்லாவில் கை வைத்ததால் நஷ்டம். கப்பலில் புரொபெல்லர் சுற்றுவதை எண்ணும் ஒரு கருவியைப் பார்த்தபோது, வியாபாரத்தையும் இப்படி எண்ணினால் என்ன என்று தோன்றியது. 1879-ல் சகோதரர் ஜானுடன் சேர்ந்து காப்புரிமை வாங்கினார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ரிட்டி தன் கடையில் பணம் எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்துகொண்டு, அதை அடைக்க ஒரு மெஷின் செய்தார். நாம் மெஷினை வாங்கிவிட்டு, இதை வைத்து எதை அடைப்பது என்று யோசிக்கிறோம்.

அண்ணாச்சி கடையில் கல்லாவில் கை வைக்க யாரும் இல்லை. வரிசையில் ஐம்பது பேர் நிற்பதும் இல்லை. வியாபாரத்தில் பாதி சில்லறைச் சரக்கு. கால் கிலோ துவரம் பருப்பைத் தராசில் நிறுத்துப் பொட்டலம் கட்டுகிற இடத்தில் பார்கோடு ஸ்கேனருக்கு என்ன வேலை? அவர் கடையில் ஒழுகும் இடம் கடன் கணக்குதான்.

வரிக்காகப் பெரிய சாஃப்ட்வேர் வேண்டும் என்றார் விற்பனையாளர். அதையும் பார்க்கலாம். நாளைக்குச் சராசரி 18,000 ரூபாய் வியாபாரம். வருடத்துக்குச் சுமார் 65 லட்சம். 40 லட்சத்தைத் தாண்டுவதால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ஆனால் அவர் இருப்பது காம்போசிஷன் திட்டத்தில். ஒன்றரைக் கோடி வரை வியாபாரம் செய்கிற சிறு கடைகளுக்கானது அது. வியாபாரி ஒரு சதவீதம் வரியைத் தன் கையிலிருந்து கட்ட வேண்டும், வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரி, வருடத்துக்கு ஒரு ரிட்டர்ன். பில்லில் வரியைப் பிரித்துக் காட்டும் வேலையே இல்லை. காம்போசிஷன் வியாபாரி என்று பில்லின் தலையில் அச்சாக வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் அந்தக் காகிதச் சுருள். இதை யாருமே கணக்கில் சேர்ப்பதில்லை. நாளைக்கு 150 பில். ஒரு சின்னச் சுருளில் சுமார் 100 பில் வரும், சுருள் 18 ரூபாய். ஆக ஒரு நாளைக்கு 27 ரூபாய், வருடம் 360 நாளுக்கு 9,720. மூன்று வருடத்தில் 29,160 ரூபாய் காகிதத்துக்கே போகிறது!

200 ரூபாய்க்குக் கீழே வாங்குகிறவர் பதிவு பெற்ற வியாபாரியாக இல்லாமல், பில்லும் கேட்காமல் இருந்தால் தனித்தனி பில் தர வேண்டியதில்லை. நாள் முடிவில் மொத்தமாக ஒரு பில் போட்டால் போதும். அப்படிப் பார்த்தால் அண்ணாச்சி கடையில் நாளைக்கு 40 பில்தான் அச்சாகும். காகிதச் செலவு வருடம் 2,592 ஆகிவிடுகிறது.

முதல் மெஷினுக்கு மூன்று வருட மொத்தச் செலவு எவ்வளவு? விலை 58,000, புதுப்பிக்க 12,000, எல்லோருக்கும் பில் அடித்தால் காகிதம் 29,160. கூட்டினால் 99,160 ரூபாய். நூறு ரூபாய் வியாபாரத்தில் எட்டு ரூபாய் நிற்கிற கடையில் இந்தப் பணத்தை எடுக்க ஏறக்குறைய 12.4 லட்சம் ரூபாய்க்குக் கூடுதலாக விற்க வேண்டும். பில் அழகாக இருக்கிறது என்பதற்காக யாரும் அரை கிலோ உளுந்து கூடுதலாக வாங்கப் போவதில்லையே!

கடைசியில் அவர் வாங்கியது இது. ஒரு டேப்லெட் 11,000. ப்ளூடூத் பிரின்டர் 3,600. கடன் கணக்கும் வைத்துக்கொள்ளக் கூடிய ஒரு செயலி வருடத்துக்கு 2,400. மொத்தம் 17,000. இரண்டிலும் பேட்டரி இருப்பதால் கரண்ட் போனாலும் ஓடும். மரக் கல்லாப்பெட்டி அப்படியே இருந்தது. மூன்று வருடத்துக்குக் காகிதம், புதுப்பிப்பு எல்லாம் சேர்த்தால் 29,576 ரூபாய். நாளைக்கு 27 ரூபாய் சொச்சம். மிச்சம் 43,000 ரூபாய்க்கு தீபாவளிச் சரக்கை ரொக்கமாக வாங்கினார்.

பட்ஜெட்டில் எழுதாத செலவு ஒன்று இருந்தது. அது அவர் மனைவியின் தூக்கம். கடையில் 1,100 பொருள். கடை சாத்திய பிறகு ஒரு நாளைக்கு 60 வீதம் பதினெட்டு, பத்தொன்பது ராத்திரி உட்கார்ந்து அந்த அம்மாதான் ஏற்றினார். எந்த விற்பனையாளரின் கொட்டேஷனிலும் இந்த வரி இருக்காது.

அந்த உழைப்பு 2025 செப்டம்பர் 22 அன்று பயன்பட்டது. சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்த நாள். அதற்குப் பிறகு புது விலைச் சரக்கு ஒவ்வொன்றாக வர வர, மாற்ற வேண்டிய பொருட்களைத் தேடி எடுத்து விலை மாற்றியதும் அவர்தான்.

சரி, ஒழுகல் அடைபட்டதா?

முதல் மாதக் கடைசியில் நிலுவையைக் கூட்டிப் பார்த்தார்கள். "பத்து, பதினஞ்சாயிரம் இருக்கும்" என்று அண்ணாச்சி நினைத்திருந்தார். திரையில் 38,400 என்று வந்தது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. நோட்டு இருந்த காலத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டியிருக்கிறார், எல்லாப் பக்கத்தையும் சேர்த்துக் கூட்டியதே இல்லை.

செயலியில் கடன்காரர்களுக்குத் தானாக மெசேஜ் அனுப்பும் வசதியும் உண்டு. அதைப் போட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் அந்தப் பாட்டி வந்தார், முகம் வாடியிருந்தது. "நான் தர மாட்டேன்னு நெனச்சியாப்பா?" என்று கேட்டார். நோட்டே இல்லாத நேரத்தில் தானாக வந்து 2,340 ரூபாய் என்று சொன்னவர்!

அன்று ராத்திரியே அண்ணாச்சியின் மனைவி அந்த வசதியை நிறுத்திவிட்டார். இப்போது மாதக் கடைசியில் பட்டியலைப் பார்த்து, யாரிடம் கேட்கலாம், யாரிடம் இந்த மாதம் கேட்கக் கூடாது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்கிறார்கள்.

இன்னொரு விஷயம். ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த அம்மா நிலுவைப் பட்டியலை ஒரு நோட்டில் பேனாவால் எழுதி வைக்கிறார். பில் அச்சடிக்கும் தெர்மல் காகிதத்தில் எழுத்து வெயிலுக்கே மங்கிவிடும், அதை நம்ப முடியாது. டேப்லெட்டும் ஒரு நாள் கெட்டுப் போகலாம்.

அந்த நோட்டு இப்போது கல்லாவுக்குக் கீழே இல்லை. பரணில், பிளாஸ்டிக் கவருக்குள் இருக்கிறது.