பிரேக் பிடிக்கப் படிக்கிறேன்

"இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று முதலில் கேட்டது என் வீட்டுக்காரி. அடுத்து பெங்களூரில் இருக்கும் மகன். மூன்றாவதாக, மாதா மாதம் ரத்த அழுத்தம் பார்க்கும் டாக்டர். அவர் மட்டும் கேட்டதோடு விடாமல் முழுசாகப் பரிசோதித்துவிட்டு, "சரி, மாத்திரையை விடாதீங்க, தண்ணி நிறையக் குடிங்க" என்று அனுப்பி வைத்தார்.

விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை நானும் இரண்டு நண்பர்களும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் மோட்டார் சைக்கிள் ஓட்டப் போகிறோம். பந்தயம் இல்லை. 'டிராக் டே' என்கிறார்கள். பணம் கட்டினால் புதியவர்கள் தனி, பழகியவர்கள் தனி என்று பிரித்து, சிறிது சிறிது நேரமாக நாள் முழுக்க ஓட விடுவார்கள். பரிசும் இல்லை, கோப்பையும் இல்லை. எனக்கு வயது 61.

ரேஸ் டிராக் எனக்கு முற்றிலும் புதிதல்ல. 1987-ல் நானும் என் பள்ளித் தோழனும் சோழவரத்துக்கு ரேஸ் பார்க்கப் போயிருக்கிறோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானம் இறங்கப் போட்ட ஓடுபாதை அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் ரேஸ் நடத்தும். ஓசூரில் ராத்திரி பஸ் ஏறி, விடிய விடிய மெட்ராஸ் போய், அங்கிருந்து இன்னொரு பஸ். டூ ஸ்ட்ரோக் புகையும் புழுதியும் ஜனக்கூட்டமும்தான் ஞாபகத்தில் இருக்கிறது. யார் ஜெயித்தார்கள் என்பது மறந்துவிட்டது. 1990-ல் அந்த கிளப்பே இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக டிராக் போட்ட பிறகு சோழவரம் ஓய்ந்தது. புது டிராக் ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. எத்தனையோ முறை பஸ்ஸில் அந்தப் பக்கம் போயிருக்கிறேன், இறங்கியதில்லை.

இந்த யோசனையைக் கிளப்பியவர் கெலமங்கலத்தில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் தம்பி. அவர் ஏற்கனவே இரண்டு முறை அங்கே ஓட்டியவர். என் அப்பாச்சி 160-ஐ சர்வீசுக்கு விட்டபோது பின் பிரேக் ஷூவைக் கையில் எடுத்துக் காட்டினார். தேய்ந்து தகடாகி இருந்தது. முன் பிரேக் பேடைக் காட்டினார். புதுசு போல இருந்தது.

"அண்ணா, நீங்க முன் பிரேக்கே பிடிக்கிறதில்லையா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. காரணம், நான் 37 வருடம் வேலை பார்த்தது ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், தரப் பரிசோதனைப் பிரிவில். எத்தனை ஆயிரம் பிரேக் டிரம்மை மைக்ரோமீட்டர் வைத்து அளந்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அப்படிப்பட்டவன் வாழ்நாளில் ஒரு முறைகூட முன் பிரேக்கை முழுசாகப் பிடித்ததில்லை.

என் தலைமுறையில் பலர் இப்படித்தான். "முன் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுவே" என்று சொல்லித்தான் எனக்கு வண்டி கற்றுக்கொடுத்தார்கள். அதைத் தப்பு என்று சொல்லிவிட முடியாது. அன்றைக்கு நம் பக்கம் பாதி மண் ரோடு. மணலிலும் சேற்றிலும், அதுவும் ஹேண்டில் திரும்பியிருக்கும்போது, முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் விழத்தான் செய்வோம். ரோடு தார் ரோடாகி நாற்பது வருடம் ஆகியும் அந்தப் புத்திமதி மட்டும் மாறவில்லை. லைசென்ஸ் வாங்க எட்டு போடச் சொன்னார்கள், கால் ஊன்றாமல் போட்டேன். பிரேக் பிடிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை.

இதில் எனக்கு வெட்கப்பட இன்னொரு காரணமும் உண்டு. 1980-ல் டிவிஎஸ் 50 மொபெட் வந்தது நம் ஓசூரிலிருந்து. 1984-ல் இண்ட் சுசுகி வந்ததும் இங்கிருந்துதான். பிஎம்டபிள்யூ 310 வண்டிகூட ஓசூரில் தயாராகி வெளிநாடெல்லாம் போயிருக்கிறது. வண்டி செய்கிற ஊர்க்காரர்கள் நாம். செய்த வண்டியை நிறுத்தத் தெரியவில்லை என்றால் எப்படி?

அது வெறும் கேலிக்குரிய விஷயமாக இருந்திருந்தால் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். 1991-ல் ஒரு மாலை, இருட்டுகிற நேரம். ராயக்கோட்டையிலிருந்து கெலமங்கலம் திரும்பி வந்துகொண்டிருந்தோம். இண்ட் சுசுகி என்னுடையது, ஓட்டியது நான். பின்னால், சோழவரம் கூட்டிப்போனேன் என்று சொன்னேனே, அந்தத் தோழன். இருவருக்கும் ஹெல்மெட் கிடையாது. ஒரு வளைவு தாண்டியதும் விளக்கில்லாத மாட்டு வண்டி. பின் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் சரிந்தது. எனக்குத் தோலில் சிராய்ப்பு. அவனுக்கு இடது முழங்கால். ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டுபோய் ஓசூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இன்றுவரை அந்தக் கால் முக்கால்வாசிதான் மடங்கும். ராயக்கோட்டை மார்க்கெட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கிறான். "கிளச் மிதிக்க முக்கால் மடங்கினா போதும்டா" என்பான்.

அதன் பிறகு அவன் என் வண்டியில் பின்னால் உட்கார்ந்ததில்லை. நானும் கூப்பிட்டதில்லை. இதைப் பற்றி இருவரும் ஒரு நாளும் பேசிக்கொண்டதும் இல்லை.

மெக்கானிக் தம்பி பேடைக் காட்டிய அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. முன் பிரேக்கையும் சேர்த்துப் பிடித்திருந்தால் அன்றைக்கு வண்டி நின்றிருக்குமா? நின்றிருக்கலாம். மறுநாள் காலை போய், "சரி தம்பி, நானும் வரேன்" என்றேன். வேகமாக ஓட்டும் ஆசையில் இல்லை. எதிரே மாடும் பஸ்ஸும் வராத ஓர் இடத்தில், முழு பிரேக் பிடிப்பது எப்படி என்று ஒரு முறையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. மூன்றாவது ஆள், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். பல்சர் வைத்திருக்கிறார். அவர் எதற்கு வருகிறார் என்று கேட்டால், "சும்மாதான்" என்கிறார்.

வண்டியைத் தயார் செய்ததைச் சொல்கிறேன். ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்கும் இது உதவும்.

முதலில் பிரேக் ஆயில். டாட் 4 ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது. புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரக் கணக்கு. ஈரம் ஏறிய பிறகு அதுவே 155 டிகிரியாக இறங்கிவிடலாம். திரும்பத் திரும்ப ஓங்கிப் பிடித்தால் சூட்டில் உள்ளே ஆவிக்குமிழ் கட்டும். அப்போது பிரேக் லீவர் காற்றைப் பிடித்த மாதிரி கைப்பிடி வரை வந்துவிடும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். என் வண்டியில் மாற்றியே ஐந்து வருடம். வடித்தபோது டீ டிகாக்ஷன் நிறத்தில் வந்தது.

அடுத்து டயர். டிராக்கில் ரப்பர் சூடேறி உள்ளே காற்று விரியும் என்பதால், ரோட்டுக்கு வைப்பதைவிடக் கொஞ்சம் குறைத்து வைத்து, ஒரு சுற்று ஓடிவந்ததும் மறுபடி அளப்பார்கள். செயின் தொய்வு, எண்ணெய்க் கசிவு, தளர்ந்த போல்ட் எல்லாம் பார்த்தாயிற்று. ஹெட்லைட், இண்டிகேட்டர் மேல் டேப் ஒட்டினோம். விழுந்தால் கண்ணாடித் துண்டு டிராக்கில் சிதறக் கூடாதே.

பின்னால் பார்க்கும் கண்ணாடிகளையும் கழற்றச் சொன்னார் தம்பி. அப்போதுதான் நிஜமாகப் பயம் வந்தது. "பின்னாடி வர்றவன் யாருன்னு எப்படித் தெரியும்?" என்றேன். "தெரிய வேண்டாம்ணா. முந்துறவன்தான் பார்த்து முந்தணும். நீங்க உங்க பாதையில ஒரே சீராப் போனா போதும், திடீர்னு விலகிடாதீங்க" என்றார். ஓசூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வண்டி ஓட்டிப் பழகியவனுக்கு இதை நம்பவே இரண்டு நாள் ஆனது.

உடுப்புக்கு வந்தால், முகம் முழுக்க மூடும் ஹெல்மெட், அதில் இரட்டை வளையத்தில் இழுத்துக் கட்டும் வார், மணிக்கட்டு மூடும் கையுறை, கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ், தோல் சூட். சூட் வாடகைக்கு எடுத்தோம். நுழைய அரை மணி, வெளியே வர முக்கால் மணி. போட்டுக்கொண்டு நிமிர்ந்து நிற்க முடியவில்லை. வண்டியில் குனிந்து உட்காருவதற்காகவே வெட்டித் தைத்தது அது. என் வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "நண்டு மாதிரி இருக்கீங்க" என்றாள். சிரித்தாள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

கொடிகளைப் படிக்க வைத்தது வாத்தியார். அட்டையில் கலர் காகிதம் ஒட்டி, டீக்கடையில் வைத்து எங்களைக் கேள்வி கேட்டார். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம், மெதுவாக உள்ளே வரணும். நீலம் என்றால் பின்னால் வேகமாக ஒருவர் வருகிறார். மஞ்சளில் சிவப்புக் கோடு போட்டிருந்தால் தரை வழுக்கும். கறுப்பு வெள்ளைக் கட்டம் என்றால் முடிந்தது. உள்ளே திரும்பும்போது கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். நான் நீலத்தில் தப்பு செய்தேன். "பெஞ்சு மேல ஏறு" என்று சொல்லாததுதான் பாக்கி.

அவர்தான் இன்னொரு கணக்கையும் போட்டுக் காட்டினார். வேகம் இரட்டிப்பானால் நிற்கும் தூரம் இரட்டிப்பாகாது, நாலு மடங்காகும். 40-ல் 10 மீட்டரில் நிற்கிற வண்டி, அதே அழுத்தத்தில் 80-ல் 40 மீட்டர் கேட்கும். நாம் பார்த்து யோசிக்கிற நேரத்தில் ஓடுகிற தூரம் தனி. பிரேக் கம்பெனியில் 37 வருடம் இருந்தவன், இதை டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

ஊருக்கு வெளியே வீட்டு மனை போட்டு, தார் போட்டு, யாரும் வீடு கட்டாத இடம் ஒன்று இருக்கிறது. போன வாரம் விடியற்காலை அங்கே பயிற்சி. வண்டிகளை ஏற்றிப் போக குட்டி யானை வேண்டும் என்று என் மண்டித் தோழனைக் கேட்டிருந்தோம். இருங்காட்டுக்கோட்டைக்கும் அவன்தான் ஓட்டி வருகிறான். 250 கிலோமீட்டருக்கு மேல் போகணும் என்றதும், "தக்காளி ஏத்துற வண்டி, மூணு கிழவனுங்களை ஏத்தாதா?" என்றான். மெக்கானிக் தம்பிக்கு முப்பத்தைந்துதான், பாவம்.

சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார் தம்பி. 40 வேகத்தில் வந்து கோட்டில் பிரேக் பிடிக்க வேண்டும். முதலில் எப்போதும் போல் பின் பிரேக் மட்டும். சக்கரம் கிறீச்சிட்டு வால் ஆடியது. தோழன் காலை இழுத்து இழுத்து நடந்து, அடி எண்ணினான். 28 அடி வைத்தான். அடுத்து இரண்டு பிரேக்கும். "வெடுக்குன்னு பிடிக்காதீங்கண்ணா. பிரேக் பிடிச்சா பாரம் முன்னாடி வரும். அது வந்து முன் டயர்ல உட்காரட்டும், அப்புறம் அழுத்துங்க. பழம் பிழியிற மாதிரி" என்றார் தம்பி. முதல் ஐந்து முறை விரல் கேட்கவே இல்லை. லீவரைத் தொட்டதும் தானாக விட்டுவிடுகிறது. ஆறாவது முறை அழுத்தினேன். முன்பக்கம் குனிந்தது, வண்டி நின்றது. குப்புற விழவில்லை.

தோழன் மறுபடி எண்ணினான். 15.

அவன் அங்கேயே நின்றுகொண்டு, கோட்டையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தான். 28-க்கும் 15-க்கும் நடுவில் இருக்கும் அந்தத் தார் ரோட்டைப் பார்த்தான் என்று எனக்குத் தோன்றியது. நான் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றேன். முகத்தைக் காட்டத் தைரியம் வரவில்லை. அப்புறம் கழற்றிவிட்டுச் சொன்னேன். "அன்னிக்கு இது எனக்குத் தெரியலடா."

"தெரிஞ்சிருந்தா பிடிச்சிருக்க மாட்டியா?" என்றான். அவ்வளவுதான்.

பதிவுப் படிவத்தில் விழுந்தால் என் பொறுப்பு என்று கையெழுத்துப் போட வேண்டும். அவசரத்துக்கு யாருக்குத் தகவல் சொல்வது என்று ஒரு வரி இருந்தது. மகன் நம்பரை எழுதப் போனேன். என் மனைவி தடுத்தாள். "அவன் மீட்டிங்ல இருப்பான். என் நம்பரைப் போடுங்க. எதுவானாலும் முதல்ல எனக்குத்தான் தெரியணும்." எழுதினேன். அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை.

அன்றைக்குப் பயிற்சி முடிந்து டீ குடிக்கப் போகலாம் என்றதும், வாத்தியாரும் தம்பியும் குட்டி யானையில் ஏறிக்கொண்டார்கள். தோழன் சாவியைத் தம்பியிடம் தூக்கிப் போட்டான். வாத்தியாரின் ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு என் வண்டிப் பக்கம் வந்தான். இடது காலைத் தூக்கி வைக்க அவனுக்குச் சிரமம் என்பதால் வண்டியைச் சாய்த்துப் பிடித்தேன். தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினான். 33 வருடம் ஆகிறது.

"மெதுவாப் போடா," என்றான்.

டீக்கடை வரை 30-ஐத் தாண்டவில்லை. வழியில் ஒரு நாய் குறுக்கே வந்தது. இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிறு அதிகாலை 2 மணிக்குக் கிளம்புகிறோம். திரும்பி வந்து மீதியை எழுதுகிறேன். அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வண்டியில் பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது என்று பாருங்கள்.