முப்பது மணி நேரம்

மூன்று வருடம் நான் ஒரு பொத்தானுக்குக் காவல் இருந்தேன். 'அடுத்து' என்று எழுதிய பொத்தான். டாக்டர்களுக்கு இணையத்தில் வகுப்பு நடத்தும் மென்பொருள் அது. காணொளி முழுதாக ஓடி முடியும்வரை பொத்தான் சாம்பல் நிறத்தில் கிடக்க வேண்டும். முடிந்ததும் பச்சையாக வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் எதிர்ப்பக்கம் இருப்பவர்கள் எம்.பி.பி.எஸ். சீட் வாங்கியவர்கள். காணொளியை முன்னால் இழுத்து ஓட்டினார்கள், தடுத்தோம். இரட்டை வேகத்தில் ஓட்டினார்கள், தடுத்தோம். வேறு டேபுக்குப் போனார்கள். போனால் காணொளி நின்றுவிடும்படி செய்தோம். பிறகு, செல்போனில் வகுப்பை ஓடவிட்டுக் கவிழ்த்து வைத்துவிட்டு நோயாளியைப் பார்க்க ஆரம்பித்தார்கள் என்று நினைக்கிறேன். அதற்கு எங்களிடம் மருந்து இல்லை.

இந்த ஓட்டத்துக்கெல்லாம் பின்னால் ஒரு விதி இருக்கிறது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகளின்படி, ஒரு டாக்டர் 5 ஆண்டுக்குக் குறைந்தது 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வியில் கலந்துகொள்ள வேண்டும். டாக்டர்கள் வாயில் அது சி.எம்.இ. வருடத்துக்கு 6 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை, ஹோட்டல் ஹால், புரொஜெக்டர், கடைசியில் மதியச் சாப்பாடு. அதையே நாங்கள் சாப்பாடு இல்லாமல் கொடுத்தோம். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, இளைப்பு என்று சாதாரண எம்.பி.பி.எஸ். டாக்டரிடம் தினமும் வருகிற நோய்கள்தான் பாடங்கள்.

இளைப்புப் பாடம் வெளியாவதற்கு முந்தைய இரவு நான்தான் சோதனை பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது கேள்வி: 'முப்பது வயதைத் தாண்டிய ஆண். வாரத்தில் மூன்று நான்கு தடவை சால்பூட்டமால் இன்ஹேலர் எடுக்கிறார். வேறு மருந்து இல்லை. தொந்தரவு ஒன்றும் இல்லை என்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?' நான்கு விடைகளில் 'இதே மருந்தைத் தொடரச் சொல்வேன்' என்பதை அழுத்தினேன். யோசிக்கக்கூட இல்லை. பெரிய சிவப்புப் பெருக்கல் குறி வந்தது. அந்தச் சிவப்பைத் தேர்ந்தெடுத்ததே நான்தான்.

அந்த ஆண் நான். என் பைக்குள் நீல இன்ஹேலர் கிடந்தது.

கீழே விளக்கம் இருந்தது. ஆஸ்துமாவுக்கு உலக அளவில் வழிகாட்டும் ஜினா அமைப்பு 2019இல் தன் பரிந்துரையை மாற்றியிருந்தது: பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்பூட்டமால் போன்ற மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்து நடத்தக் கூடாது, லேசான ஆஸ்துமாவாக இருந்தாலும் இழுக்கும் ஸ்டீராய்டு ஏதாவது ஒரு வடிவில் சேர வேண்டும். நீல இன்ஹேலர் சுருங்கிய மூச்சுக்குழாயின் தசையைத் தளர்த்தும். உள்ளே இருக்கிற வீக்கத்தை அது தொடாது. மூச்சு சுலபமாகிவிடுவதால் நோய் குறைந்துவிட்டதாக நாம் நம்புகிறோம். வீக்கம் அதன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும். புரொகிராமர்களுக்கு இது புரியும். எச்சரிக்கைச் செய்தி வராமல் செய்துவிட்டு, பிழையைச் சரிசெய்துவிட்டதாகச் சொல்வோமே, அந்த மாதிரி.

இதற்குப் பின்னால் பழைய கதைகள் உண்டு. 1970களின் பிற்பகுதியில் நியூசிலாந்தில் ஆஸ்துமா மரணங்கள் திடீரென்று ஏறின. சால்பூட்டமாலின் வகையைச் சேர்ந்த, அதைவிட வீரியமான ஃபெனோடெரால் என்ற இன்ஹேலர் அங்கே நிறைய புழங்கியது. 1989இல் அதைச் சுட்டிய ஆய்வு வெளிவந்தது. அந்த மருந்தைக் கட்டுப்படுத்தியதும் மரணங்கள் இறங்கின. பிரிட்டனில் ஆஸ்துமாவால் இறந்தவர்களின் கோப்புகளை எடுத்துப் பார்த்த 2014ஆம் ஆண்டு அறிக்கை இன்னொன்று. உடனடி நிவாரண இன்ஹேலர் எத்தனை வாங்கினார்கள் என்ற கணக்கு கிடைத்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு, இறப்பதற்கு முந்தைய ஒரு வருடத்தில் 12க்கும் மேற்பட்ட இன்ஹேலர்கள் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தன. பன்னிரண்டு முறையும் யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

எனக்குக் கையெழுத்துப் போட்டவர் விருதுநகரில் இருந்தார்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் பருப்பு மில். உளுந்தம் தூசி சீசனில் என் நெஞ்சு விசிலடிக்கும். நடுராத்திரி அப்பா சைக்கிளில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போய் டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டுவார். அவர் லுங்கியோடு வந்து முன்னறையைத் திறந்து விளக்கைப் போடுவார். டெரிஃபிலின் ஊசி. கொஞ்ச நேரத்தில் மூச்சு இறங்கும். காசு மறுநாள். நான் சென்னைக்குக் கல்லூரி வந்தபோது நீல இன்ஹேலரை என் சட்டைப்பையில் வைத்து, "ஹாஸ்டல்ல எவனும் கேலி பண்ணா அவன் நெஞ்ச ஒரு நாள் கடன் வாங்கிக்கச் சொல்லு" என்றார். இந்த மனிதருக்கு 2019 தெரியாது என்று ஒரு சிவப்புப் பெருக்கல் குறி எனக்குச் சொல்லிவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் நான் செய்யும் வேலையைப் பற்றியே படிக்க ஆரம்பித்தேன். கொஞ்சம் தாமதம்தான். சொற்பொழிவு வகையிலான வகுப்புகள் டாக்டர்களின் நடைமுறையை மாற்றுவதாகத் தெரியவில்லை என்று டேவிஸும் அவரது சகாக்களும் 1999லேயே எழுதிவிட்டார்கள். 2005இல் சௌத்ரி குழுவினர் 62 மதிப்பீடுகளைத் தொகுத்தார்கள். அனுபவம் கூடக்கூட சிகிச்சையின் தரம் ஏறும் என்றுதான் நாமெல்லாம் நினைப்போம். பாதிக்கும் மேற்பட்டவற்றில் இறங்கியிருந்தது. 81 சோதனைகளைத் திரட்டிய 2009ஆம் ஆண்டு காக்ரேன் தொகுப்பில், கல்விக் கூட்டங்களால் நடைமுறையில் வந்த முன்னேற்றம் நடுவாக 6 சதவீதப் புள்ளிகள். சும்மா இல்லை, 6. ஆனால் நான் காவல் காத்தது அந்த ஆறுக்குத்தான் என்று தெரிந்தபோது பொத்தான் மேலிருந்த மரியாதை கொஞ்சம் போய்விட்டது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது டாக்டரைப் பார்க்கப் போனேன். போனில் ஜினா அறிக்கையை இறக்கி வைத்திருந்தேன். எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்தாயிற்று.

"வாய்யா இன்ஜினியரு. இளைக்குதா?"

"இல்ல சார். ஒண்ணு கேக்கணும். இந்த நீல இன்ஹேலர மட்டும் தனியாக் குடுக்கக் கூடாதுன்னு..."

"ஆமா. பத்தொம்பதுல மாத்திட்டாங்க. மதுரைல கிளாஸ் எடுத்தாங்க, போயிருந்தேன்." அலமாரியைக் காட்டினார். சர்டிஃபிகேட்டுகள் ஒரு கயிற்றுக் கோப்பில் தடியாக இருந்தன.

நான் இதை எதிர்பார்க்கவில்லை. தெரியாமல் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"அப்புறம் ஏன் சார் எனக்கு மாத்தல?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீ நல்லா இருந்தே. நல்லா இருக்கேன்னு சொல்றவன் மேல எவன்ப்பா கைய வைப்பான்? இளைச்சுக்கிட்டு வர்றவனுக்கு மாத்திருக்கேன். ஸ்டீராய்டுன்னு சொன்னாப் பாதிப் பேரு ஓடிருதான். உடம்பு ஊதிரும், பொண்ணுக்கு மாப்பிள்ள கிடைக்காதுங்கான். ஊசி போடாட்டி அடுத்த தெருவுல போட்டுக்கிடுதான். நீ வருசத்துக்கு ஒருக்க வருவே, சீட்டு வாங்குவே, போயிருவே. உன்னைய நான் நெனைக்கவே இல்ல" என்றார்.

நான் நம்பிக்கையாக வைத்திருந்த அந்த உறவில் 'நினைக்கவே இல்ல' என்ற சொல் எங்கேயோ குத்தியது. ஆனால் அதுதான் சரியான பதில் என்றும் பட்டது. வகுப்பில் கேட்டது அவர் மூளையில் இருந்தது. என் சீட்டு அவர் கையில் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே மேஜைக்கு வரவில்லை.

எது அவரை மாற்றியிருக்கிறது என்று கேட்டேன். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்து ஒரு துண்டுச் சீட்டைத் தட்டிக் காட்டினார். மஞ்சளடித்துப் போயிருந்தது. பல வருடம் முன்னால், வயிற்றுப்போக்குக் குழந்தை ஒன்றுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தும் நிற்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார். அங்கிருந்த இளம் குழந்தை மருத்துவர் அவருடைய கடிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதி அனுப்பியிருந்தார்: ஓ.ஆர்.எஸ். தொடரவும், சிங்க் 14 நாள், ஆன்டிபயாடிக் தேவையில்லை, நன்றி சார்.

"சிங்க்கு பத்தி டபிள்யூ.எச்.ஓ. 2004லயே சொல்லிட்டான். ரெண்டு மூணு கிளாஸ்ல கேட்டுருக்கேன். ஒண்ணும் ஒட்டல. இந்தச் சின்னப் பய எழுதுனான் பாரு, அதுவும் நன்றி சார்னு. அன்னைல இருந்து ஒரு பிள்ளைக்குக்கூட விட்டதில்ல."

சென்னை திரும்பிய பிறகு இதைத்தான் எங்கள் குழுவில் சொன்னேன். காணொளிக்குக் காவல் வேண்டாம்; மூன்று மாதம் கழித்து டாக்டருக்கு ஒரு கேள்வி அனுப்புவோம்: நீல இன்ஹேலர் மட்டும் வாங்கும் நோயாளிகள் உங்களிடம் எத்தனை பேர், அவர்களில் கடைசி ஐந்து பேருக்கு என்ன எழுதினீர்கள் என்று. மேலாளர் நல்லவர், பொறுமையாகக் கேட்டார். "இதுக்கு எத்தன கிரெடிட் ஹவர் போடுறது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. ஒருவர் தன் கடைசி ஐந்து சீட்டுகளைப் புரட்டிப் பார்க்க எத்தனை மணி நேரம் ஆகும்? பத்து நிமிடம். அதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது? வேலையை விட்டதற்கு இது காரணமில்லை, சம்பளம்தான் காரணம். ஆனால் அந்தக் கட்டம் இன்னும் நினைவில் இருக்கிறது.

விருதுநகரில் அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. புது இன்ஹேலருக்குச் சீட்டு எழுதிக்கொண்டே, "எங்க, பழச எடுத்து இழுத்துக் காட்டு" என்றார். எடுத்தேன். அழுத்தினேன். இழுத்தேன். அவர் பேனாவை வைத்துவிட்டார்.

"மூச்ச முதல்ல வெளிய விட வேண்டாமா? இப்படிச் சட்டுனு இழுத்தா மருந்து தொண்டைலதான் நிக்கும். மெதுவா இழுத்து, பத்து எண்ணுற வரைக்கும் அடக்கணும். இத்தன வருசமா இப்படியா இழுக்கே?"

"நீங்க யாரும் காட்டச் சொன்னதில்ல சார்."

"சொன்னதில்லதான்" என்றார். என்னை நான்கு தடவை இழுக்க வைத்தார். புதுசில் ஸ்டீராய்டு இருப்பதால் முடித்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும் என்று சீட்டிலேயே தமிழில் எழுதி, அடிக்கோடும் போட்டார்.

நான் எழுந்திருப்பதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டது. மில்லில் புடைக்கிற அம்மா, ஐம்பது வயதிருக்கும், வாசலிலிருந்தே மூச்சு கேட்டது. டாக்டர் என்னைக் கையமர்த்தி உட்கார வைத்தார்.

"தாயி, அந்த நீல இன்ஹேலரு குடுத்தேனே, கொண்டாந்தியா? எப்படி இழுக்கேன்னு காட்டு பாப்போம்."

"அது வீட்ல கிடக்கு சாமி. ஊசிய போட்டு விடுங்க, ஷிஃப்ட்டுக்குப் போகணும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கம்பவுண்டரைக் கூப்பிட்டு நெபுலைசரைப் போடச் சொன்னார். அது ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மாவின் சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் என்னவோ எழுத ஆரம்பித்தார்.