சொல்லத் துணியும் பிள்ளை

செந்தூல் இரயில்வே குடியிருப்புகளில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தண்டவாளத்தின் ஆபத்தைப் பெற்றோர் கைநீட்டிக் காட்ட முடிந்தது. வண்டியின் ஓசையும் எச்சரித்தது. இணையத்தின் வழி வரும் இடருக்கோ ஓசையில்லை.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பாடங்கள் திறன்பேசிக்குள் புகுந்தன. தந்தையின் சட்டைப்பையில் இருந்த கருவி ஏழு வயதுச் சிறுவனின் கைக்கு மாறிற்று. பள்ளிகள் மீண்டும் திறந்தன. கருவி பல வீடுகளில் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

விளையாட்டினூடே அறிமுகமாகும் அயலான், 'நானும் நான்காம் ஆண்டுதான்' என்பான். பிறகு படம் கேட்பான். சீருடைச் சின்னம் தெரியும் ஒரு படமே போதும், பிள்ளை பயிலும் பள்ளி எதுவெனக் காட்டிவிடும். இறுதியில், 'அம்மாவிடம் சொல்லாதே' என்பான். கொடுமை அச்சொல்லில்தான் இருக்கிறது.

சட்டம் வாளாவிருக்கவில்லை. 2017ஆம் ஆண்டின் சிறாருக்கெதிரான பாலியல் குற்றங்கள் சட்டம், தீய நோக்குடன் 18 வயதுக்குட்பட்டோரோடு தொடர்பு கொள்வதையே குற்றமாக்கியுள்ளது. எனினும், பிள்ளை வாய்திறந்த பின்னரன்றோ சட்டம் எழுந்து நிற்கும்! அவ்வாயை அடைப்பவன் அயலான் மட்டும்தானா? 'போனைப் பிடுங்கிவிடுவேன்' என்னும் வீட்டு மிரட்டலும் அடைக்கிறது. மறைச்சொல்லைக் காக்கச் சொல்லும் சுவரொட்டிகள் வகுப்பறைக்குத் தேவையே; ஆயின், அவை இவ்வச்சத்தைப் போக்குவதில்லை.

பிள்ளை வந்து சொன்னால், முதலில் சினவாது கேட்டல் வேண்டும். அவ்வுரையாடலை அழித்தலும் ஆகாது; பெற்றோர் புலனக் குழுவில் பரப்புதலும் ஆகாது. காவல் நிலையத்திலோ 15999 என்னும் தாலியான் காசே எண்ணிலோ அன்றே தெரிவித்தல் வேண்டும்.