ஒரே பாஷை யாருக்குக் கட்டுபடியாகும்?

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல பத்து நிமிஷம் நின்னீங்கன்னா தமிழ், மலையாளம், கன்னடம், ஹிந்தி, ஒடியான்னு எல்லாம் காதுல விழும். எனக்கு அதுல தமிழ் ஒண்ணுதானுங்க தெரியும். பள்ளிக்கூடத்துல படிச்ச இங்கிலீஷ், உரமூட்டையில பேர் படிக்கற அளவுக்குத்தான்.

இத்தனை பாஷை நம்ம ஊருக்குப் புதுசுன்னு சிலர் நினைக்கறாங்க. அப்படி இல்லைங்க. தறி நெய்யற தேவாங்கர் வீடுகள்ல கன்னடம். நாயுடு வீடுகள்லயும் அருந்ததியர் தெருவுலயும் தெலுங்கு. 1956-ல மாநிலங்களைப் பிரிக்கற வரைக்கும், கன்னடம் பேசற கொள்ளேகால் தாலுகாவே கோயமுத்தூர் ஜில்லாவுலதான் இருந்துச்சு.

ஆனா அருந்ததியர் தெருவுல இருந்து வேலைக்கு வந்த சனம், வீட்டுல தெலுங்கு பேசிட்டு வரப்புக்கு வந்தா தமிழ் பேசுச்சு. எங்களை மாதிரி தோட்டத்துக்காரங்க தெலுங்கு கத்துக்கலை. தேவைப்படலை. கூலி குடுக்கறவனுக்கு ஒரு பாஷை போதும். வாங்கறவனுக்குத்தான் ரெண்டு வேணும்.

இப்பவும் அதே கதைதான். வடக்க இருந்து வர்றவங்களை எல்லாம் 'ஹிந்திக்காரங்க'ன்னு சொல்லிடறோம். ஒடிசாக்காரங்களுக்கு வீட்டுல ஒடியா. ஜார்க்கண்டுல இருந்து வர்ற சிலருக்கு சந்தாலி. ஹிந்தியே அவங்களுக்கு ரெண்டாம் பாஷை, தமிழ் மூணாவது. ஆறு மாசத்துல "சாப்ட்டாச்சுங்களா"ன்னு நம்மளைக் கேக்கறாங்க.

போன தக்காளி வெள்ளாமைக்கு மருந்தடிக்க ஒரு ஒடிசாத் தம்பி வந்திருந்தாரு. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. உள்ள இருந்த நோட்டீசுல தமிழ், ஹிந்தி, இங்கிலீஷ் இருந்துச்சு. அவரு பாஷை இல்லை. பாஷையே வேண்டாத ஒரு அடையாளம் டப்பாவுல இருக்குதுங்க: கலர் முக்கோணம். சிவப்புன்னா கடும் விஷம், அடுத்தது மஞ்சள், அப்பறம் நீலம், கடைசியா பச்சை. பச்சைன்னாலும் மருந்து மருந்துதான். அன்னைக்கு மஞ்சள். அதைத் தொட்டுக் காட்டி, மாஸ்க்கும் கையுறையும் நான் மாட்டிக் காமிச்சு, காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு மண்ணைத் தூவிக் காட்டினேன். "பிஷ" அப்படின்னாரு. நம்ம விஷத்துக்கு ஒடியாவுல அதான் பேரு.

ஹிந்தி படிக்கோணுமா வேண்டாமாங்கற சண்டைக்கு நான் வரலைங்க. உங்க அபார்ட்மெண்ட்லயும் ஹோட்டல்லயும் இவங்கதான் வேலை செய்யறாங்க. விஷம், கரண்டு, நிறுத்து, வலிக்குதா. இந்த நாலு வார்த்தையை அவங்க பாஷையில கேட்டு வெச்சுக்கங்க. தமிழை அவங்க கத்துக்குவாங்க, அதுக்கு ஆறு மாசம் ஆகும். மருந்து மொத நாளே அடிக்கோணுமுங்க.