நெருப்புக்கு முறை

சாணார்பட்டி,
திண்டுக்கல் மாவட்டம்.

அன்புள்ள நண்பனுக்கு,

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகிற சாலையில் இருக்கிறது இந்த ஊர். ஒரு பக்கம் சிறுமலை, சாலையோரம் புளிய மரங்கள், உள்ளே தள்ளி மாந்தோப்புகள். மழை பொய்த்தால் மானாவாரிக் காடுகள் சீக்கிரமே வெளுத்துப்போகும், ஆடுதான் கைகொடுக்கும். அதனால் இந்தப் பக்கத்து விருந்து என்றால் கறிவிருந்துதான். குடும்பத்தோடு முதல்முறையாக ஒரு பார்பிக்யூ போட்டியில் இறங்கப்போவதாகச் சொல்லி, திண்டுக்கல் பக்கத்து மசாலா எது எடுபடும் என்று நீ கேட்டிருந்தாய். நான் கான்சாஸ் சிட்டி திரும்புவதற்குள் நீ பெயர் கொடுத்துவிடுவாய், ஆகவே இங்கிருந்தே எழுதுகிறேன். மசாலா யோசனையை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவை. இரவில் நெருப்பை யார் எந்த நேரம் பார்ப்பது என்பதை முதலில் முடிவு செய். முதல் போட்டிக்குப் போகிற குடும்பம் தேறுவதும் தோற்பதும் பெரும்பாலும் அந்த ஒரு ஏற்பாட்டில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த நம்பிக்கைக்கு இந்தச் சீமையின் கறிவிருந்துகளே எனக்குச் சாட்சி.

போட்டியின் அமைப்பையே எடுத்துக்கொள். மெம்பிஸ் நகரத்துப் போட்டி 1978-இல் தொடங்கியது, நம் நகரத்து அமெரிக்கன் ராயல் 1980-இல். அதன் பிறகு எழுந்த கான்சாஸ் சிட்டி பார்பிக்யூ சங்கம் வகுத்த விதிகளே இன்று பல போட்டிகளுக்கு அடிப்படை. கோழி, பன்றி விலா, பன்றித் தோள், மாட்டு மார்க்கறி என்று நான்கு கறி. கேஸ் அடுப்பு கூடாது. விறகு, கரி, மரத்துகள் வில்லைகள் மட்டும். ஒவ்வொரு கறிக்கும் ஒப்படைக்கும் நேரம் அரைமணி இடைவெளியில் வரும், முன்னும் பின்னும் ஐந்தைந்து நிமிடம்தான் சலுகை. ஆறாவது நிமிடத்தில் வருகிற பெட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. ஒரு மேசைக்கு ஆறு நடுவர்கள். பெட்டியில் எண் மட்டுமே இருக்கும், யார் சமைத்தது என்று அவர்களுக்குத் தெரியாது. தோற்றம், சுவை, மென்மை மூன்றுக்கும் 9 முதல் 2 வரை மதிப்பெண். ஆறில் மிகக் குறைந்ததைக் கழித்துவிடுவார்கள். மார்க்கறி பகல் ஒன்றரைக்குப் போக வேண்டுமானால் முந்தின நள்ளிரவையொட்டி அடுப்பில் ஏற வேண்டும். ஆக இது ஒரு மணிநேரச் சமையல் அல்ல, ஓர் இரவும் அரைப்பகலும் நெருப்பைக் கட்டிக் காக்கிற வேலை. அதை ஒற்றை ஆள் செய்ய முடியாது. செய்தால் விடியற்காலை நான்கு மணிக்குக் கண் அசரும், அந்த அரைமணியில் சூடு இறங்கிவிடும்.

இங்கே காதுகுத்து, கெடாவெட்டு, கோயில் படையல் எதுவானாலும் சமையல் நடக்கிற விதத்தைக் கவனித்தால் ஒன்று புரியும். மாஸ்டர் என்று ஒருவர் இருப்பார். உப்பும் காரமும் அவர் பொறுப்பு. வெங்காயம் உரிப்பவர்களும், புளியங்கட்டையில் கறியை ஒரே அளவாக வெட்டுகிறவரும் வேறு வேறு ஆட்கள். அடுப்பில் விறகு தள்ளுகிறவர் தனி. கோட்டை அடுப்பின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கும் அந்த ஆளை யாரும் புகழ்வதில்லை. ஆனால் சீரகச் சம்பா பிரியாணிக்குத் தம் போடுகிற நேரத்தில் முழு அண்டாவும் அவர் கையில்தான் இருக்கிறது. அரிசியும் தண்ணீரும் சமமாக வந்ததும் எரிகிற கட்டைகளை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைக்கிறார். அடியில் கொஞ்சம் கங்கை மட்டும் பரப்பி விட்டு, மீதித் தணலை அள்ளி மூடியின் மேல், நடுவில் குறைவாகவும் ஓரத்தில் கூடுதலாகவும் போடுகிறார். அதற்குப் பிறகு ஒன்றும் செய்யாமல் காத்திருக்கிறார். மாஸ்டர் அவசரப்பட்டாலும் மூடியைத் திறக்க விடமாட்டார். சீரகச் சம்பா பொடி அரிசி; அடி பிடித்தால் கிளறிக் காப்பாற்ற முடியாது, கிளறினால் உடைந்து குழைந்துவிடும். 1957-இல் நாகசாமி நாயுடு திண்டுக்கல்லில் தொடங்கிய கடை தலப்பாக்கட்டி என்ற பெயரில் உலகம் சுற்றுகிறது. எல்லாரும் அந்த மசாலாவின் ரகசியத்தைத்தான் கேட்கிறார்கள். தணலை எவ்வளவு பரப்புவது என்று கேட்பவரை நான் கண்டதில்லை.

திண்டுக்கல் முத்தழகுபட்டி புனித செபஸ்தியார் கோயில் திருவிழாவில் ஆகஸ்டு மாதம் நடக்கிற அன்னதானத்தை இதற்குப் பெரிய சான்றாகச் சொல்வேன். மத வேறுபாடு இல்லாமல் மக்கள் நேர்ந்துவிட்ட ஆடும் கோழியும் அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். எல்லாம் ஒரே இடத்தில் சமைக்கப்பட்டு ஆயிரக்கணக்கானோருக்குப் பந்தி நடக்கிறது. பல ஊர்களிலிருந்து வந்த, வயதும் கொழுப்பும் வேறான கறி அத்தனையையும் ஒரே பதத்துக்குக் கொண்டுவருவது மசாலாவால் ஆகிற காரியமா? பொறுமையான நெருப்பாலும் முறை வைத்த ஆட்களாலும்தான் ஆகும்.

உன் அடுப்பில் நடக்கப்போவதும் இதுதான். மார்க்கறியின் உள்சூடு ஏறிக்கொண்டே வந்து 65 முதல் 75 டிகிரி செல்சியசுக்குள் எங்கோ நின்றுவிடும். ஒரு மணிநேரம், இரண்டு மணிநேரம், சில சமயம் அதற்கும் மேல் வெப்பமானியின் முள் அசையாது. கறியின் மேற்பரப்பிலிருந்து ஈரம் ஆவியாகிறபோது, அடுப்பு கொடுக்கிற சூட்டை அந்த ஆவி கொண்டுபோய்விடுகிறது. வியர்வை உடம்பைக் குளிரவைப்பதும் இதே கணக்குத்தான். புதிதாக வருகிற அணிகள் கலங்குவது இந்த இடத்தில். நெருப்பு போதவில்லை என்று கட்டையை அள்ளிப் போடுவார்கள். வெளிப்பக்கம் கருகி உள்ளே நார் நாராய் நிற்கும். அந்தத் தேக்கத்தைத் தாண்டி 90 டிகிரிக்கு மேல் போன பிறகே தசையைக் கட்டியிருக்கும் சவ்வு முழுசாகக் கரைந்து கறி பூப்போல ஆகும். அதுவரை மூடியைத் திறக்காமல் இருக்கத் தெரிந்தவர் வேண்டும். அந்த ஆள் உங்கள் வீட்டில் யார் என்று இப்போதே கண்டுபிடி. அனேகமாக அது அம்மாவாக இருக்கும்.

விறகு விஷயத்தில் உனக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. இங்கே கண்மாய்க் கரையிலும் தரிசிலும் மண்டிக் கிடக்கிற சீமைக்கருவேலத்தை நம்மூரில் யாரும் நல்ல மரம் என்று சொல்லமாட்டார்கள். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை வேரோடு அகற்றச் சொன்னது. டெக்சாசில் கறி வாட்டுகிறவர்கள் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிற மெஸ்கீட் மரம் இந்தச் சீமைக்கருவேலத்தின் ஒரே பேரினத்துச் சகோதரம். அங்கேயும் மேய்ச்சல் நிலக்காரர்கள் அதோடு மல்லுக்கட்டுகிறார்கள் என்பது வேறு கதை. இராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கிற கரி இதிலிருந்துதான் வருகிறது. தமிழ்நாட்டில் எத்தனையோ கடைகளின் தந்தூரி அடுப்பும் டீக்கடை அடுப்பும் அதில்தான் எரிந்தன. கடுமையான சூடு, காரமான புகை. நேரடித் தணலில் கோழிக்கும் விலாவுக்கும் அது பொருந்தும். பன்னிரண்டு மணிநேரம் வேகிற மார்க்கறிக்கு அந்தப் புகையை முழுக்க விட்டால் கசந்துபோகும். அதற்கு ஓக் அல்லது ஹிக்கரியை எடுத்துக்கொள். உங்கள் அணி கையில் எடுக்க வேண்டிய ‘ஊர் மணம்’ பொட்டலப் பொடியில் இருக்கிறது என்பதைவிட இந்த மரத்தில் இருக்கிறது என்பேன். கோழியை மஞ்சள் தடவி வாட்டுகிற வழக்கமும் ஆட்டுத்தலையையும் காலையும் தணலில் சுட்டெடுக்கிற வழக்கமும் உள்ள ஊர்க்காரர்களுக்கு நெருப்பின் மணம் புதிதல்ல.

இதற்கு நீ சொல்லப்போகிற மறுப்பு எனக்குத் தெரியும். மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் சுவைக்குத்தானே, மென்மைக்குக் கால் பங்குக்குச் சற்றுக் கூடுதல், தோற்றத்துக்கு ஏழில் ஒரு பங்குதானே, அப்படியானால் கைப்பக்குவமல்லவா முக்கியம் என்பாய். நியாயமான கேள்வி. ஆனால் அந்த நடுவர் சாப்பிடுவது பந்தியில் உட்கார்ந்து மூன்றுமுறை வாங்கிச் சாப்பிடுகிற விருந்தாளியைப்போல அல்ல. ஒரு துண்டில் ஒரு கடி, பிறகு அடுத்த அணியின் பெட்டி. நான்கு வகைக்கும் சேர்த்து அவர் கடிப்பவை ஏராளம். அந்த ஒரு கடியில் உறைப்பு முந்திக்கொண்டால் மற்றது எதுவும் நாக்கில் ஏறாது. அதோடு ஆறு பேருக்கும் ஆறு துண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்று உருகி மற்றொன்று இறுகினால், குறைந்த ஒரு மதிப்பெண்ணைத்தான் கழிப்பார்கள், இரண்டாவது குறைவு உங்கள் தலையில் விழும். ஒரே மாதிரி வருவது சூடு ஒரே மாதிரி இருந்ததால் வருவது. மசாலாவையே நம்புகிறவர்களுக்கு இன்னொரு தடையும் இருக்கிறது. கறியைப் பச்சையாக, உப்புக்கூடப் போடாமல் கொண்டுபோய்ச் சோதனைக்குக் காட்டிய பிறகுதான் எதையும் தடவலாம். முந்தின நாளே தயிரும் இஞ்சி பூண்டும் போட்டு வீட்டில் ஊறவைத்து எடுத்துப்போகிற நம் பழக்கம் அங்கே செல்லாது. மிளகு, சீரகம், கொஞ்சம் மல்லி, இவ்வளவு போதும். பெட்டியில் அலங்காரத்துக்குக் கொத்தமல்லித் தழையை அனுமதிக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. குடும்பமாகப் போனால் சண்டைதான் மிஞ்சும், தெரிந்த நான்கு நண்பர்களோடு போவதே மேல் என்று உனக்குச் சிலர் சொல்லியிருக்கிறார்கள். சொந்தக்காரர்களுக்குள் பொறுப்புப் பிரிப்பது கடினம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கிணற்றுப் பங்கு என்ற ஒன்றை இந்தப் பக்கத்துப் பங்காளிகள் எப்படி நடத்தினார்கள் என்று நினைத்துப் பார். ஒரே கிணறு, நான்கு வீடு. இன்ன நாள் இன்னாருக்கு என்று முறை. அவர் முறையில் மடையை அவர் மட்டும் திருப்புவார். ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்கூட முறைப்படி தண்ணீர் பாய்ச்சியிருக்கிறார்கள். நெருப்பையும் அப்படியே வையுங்கள். பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை நீ, ஒன்றிலிருந்து நான்குவரை தங்கச்சி, நான்கிலிருந்து ஏழுவரை அம்மா. ஒருவர் முறையில் மற்றவர் மூடியைத் தொடக்கூடாது, யோசனையும் சொல்லக்கூடாது. முறை மாறும்போது அடுப்பின் சூட்டையும் கறியின் சூட்டையும் கடைசியாகக் கட்டை போட்ட நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பிள்ளைகளில் பெரியவனுக்குக் கடிகாரம். பெட்டியை மேசைக்குக் கொண்டுபோகிற பொறுப்பும் அவனுடையது. சின்னவளைத் தணலுக்குப் பக்கத்தில் விடாதே, பெட்டியில் கீரை அடுக்கட்டும். நண்பர்கள் அணியில் இல்லாத ஒரு வசதி குடும்பத்தில் உண்டு: வாரம் தவறாமல் ஒன்றாகச் சமைத்துப் பழக முடியும்.

இந்த இடத்தில்தான் எனக்கு மனத்தாங்கல் உள்ள ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். வீட்டில் தினம் மூன்று வேளை அடுப்பெரிப்பது பெண்கள். ஊர் பார்க்கிற பெரிய நெருப்பு மூட்டினால் மட்டும் அங்கே நிற்பது ஆண்கள். திருமங்கலம் பக்கம் அனுப்பபட்டியில் கரும்பாறை முத்தையா கோயில் கறிவிருந்தில் சமைப்பதும் ஆண்கள், உண்பதும் ஆண்கள். இலைகள் காயும்வரை பெண்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. அது அந்த ஊரின் நேர்த்தி, அதை அங்கேயே விடுவோம். ஆனால் ஒரு குடும்பம் போட்டிக்குப் போகும்போதும் ஆண் கரண்டியோடு படத்துக்கு நிற்பது, பெண் வெங்காயம் நறுக்கிப் பாத்திரம் கழுவுவது என்று ஆகிவிட்டால் அது குடும்ப அணி அல்ல, ஒரு ஆளும் அவருடைய வேலைக்காரர்களும். இதில் நியாயம் மட்டும் கெடவில்லை, சமையலும் கெடுகிறது. நெருப்பின் குணம் அதிகம் தெரிந்தவரை நெருப்பிலிருந்து தள்ளிவைக்கிற அணி எப்படித் தேறும்? இன்னொன்றும் சொல்வார்கள், சோறு போடுவதைப் போட்டியாக்குவது நம் பண்பாட்டுக்கு ஆகாது என்று. பந்தியில் யார் சமைத்தார், யார் பரிமாறினார், யாரோடு யார் உட்கார்ந்தார் என்று பார்த்துப் பார்த்தே இந்த நாட்டில் எத்தனை பேரை எழுப்பிவிட்டிருக்கிறோம்! எண் மட்டும் ஒட்டிய பெட்டியை, யார் கை என்று கேட்காமல் ஆறு பேர் சாப்பிட்டு மதிப்பிடுவதில் எனக்கு ஒரு மரியாதை தெரிகிறது. அந்த ஒன்றுக்காகவே உன் அம்மா சமைத்த கறி ஒருமுறை அந்த மேசைக்குப் போக வேண்டும்.

செலவைப் பற்றித் தங்கச்சி கவலைப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. நான்கு கறியும் வாங்கி, நுழைவுக் கட்டணமும் கட்டி, பெரிய அடுப்பும் வாங்குவது முதல் முறைக்குத் தேவையே இல்லை. பல போட்டிகளில் புதியவர்களுக்கென்று பின்கட்டுச் சமையல்காரர் பிரிவு என ஒன்று வைக்கிறார்கள்; பெரும்பாலும் கோழியும் விலாவும் மட்டும். மாட்டுக்கறியைத் தொடுவதில் அம்மாவுக்குச் சங்கடம் இருந்தால் அதற்கும் இதுவே வழி. அதற்காக இரவு முறை வைப்பதை விட்டுவிடாதே. அங்கே போவதற்கு முன் வீட்டில் ஓர் இரவு முழுக்க, எதையாவது ஒரு பெரிய கறித்துண்டை ஏற்றி, முறைப்படி காத்துப் பார். ஒப்படைக்கும் நேரத்தை வீட்டிலும் வைத்துக்கொண்டு, ஐந்து நிமிடம் தாண்டினால் அந்தக் கறிக்கு மதிப்பெண் இல்லை என்றே எண்ணிப் பழகு. விண்ணப்பத்தில் தலைமைச் சமையற்காரர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதி அனுப்பிவிடாதே. அந்த இரவுக்குப் பிறகு, யாருடைய முறையில் முள் அதிகம் ஆடவில்லையோ அவருடைய பெயரை எழுது.

நாளை நத்தம் போகிறேன். வியாழக்கிழமை அய்யலூர் ஆட்டுச்சந்தை; அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்