ஈரம் பார்த்து வருகிறவை

தேவதானத்தில் தோட்டம் வைத்திருக்கிறேன் என்றால் வெளியூர்க்காரர்கள் முதலில் விசாரிப்பது யானையைத்தான். யானை வரும். ஆனால் வருகிறவர்கள் வரிசையில் அது கடைசி ஆள். மரநாய், முள்ளம்பன்றி, காட்டுப்பன்றி, மயில், உடும்பு, கீரி, சாரை, பச்சைப்பாம்பு, பழந்தின்னி வௌவால், ஐப்பசியில் ஆறுமணிக்குருவி, புளியமரத்து வழியாக மலை அணில் என்று அதற்கு முன்னால் ஒரு கூட்டமே நிற்கிறது. இராஜபாளையத்திலிருந்து தென்காசி சாலையில் சேத்தூர் தாண்டி வந்து மேற்கே திரும்பினால் வயல், தென்னந்தோப்பு, மாந்தோப்பு, நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில், அதற்கும் மேலே சாஸ்தா கோயில் அணை. அப்புறம் காடு. 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக்கப்பட்ட காடு அது. மொத்தம் ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

அந்த அடிவாரத்தில் மண்வெட்டி பிடித்துப் பிடித்து எனக்குப் பிடிபட்டது இதுதான்: சொல்லாமல் வருகிற விலங்கு என்று அநேகமாக எதுவும் இல்லை. நான் செய்த ஏதோ ஒரு வேலையைப் பார்த்துத்தான் ஒவ்வொன்றும் வருகிறது. சொட்டுநீர்க் குழாய் கசிந்தால் தவளை வரும், தவளைக்குப் பாம்பு வரும். கோழித்தீவனம் சிந்திக் கிடந்தால் எலி, எலிக்குச் சாரை. உதிர்ந்த மாம்பழத்தை அன்றன்றைக்குப் பொறுக்காவிட்டால் பன்றி. சித்திரை வெயிலில் மலையில் ஊற்று வற்றும்போது நம் வாழைப் பாத்தி ஈரமாக இருந்தால் எல்லாமே வரும். அதனால் காலையில் உள்ளே போனதும் செடியைப் பார்க்குமுன் தரையைப் பார்ப்பேன். ராத்திரி வந்தது யார் என்று தெரிந்தால், நேற்று நான் விட்டது என்ன என்று தெரியும்.

பன்றி வந்திருந்தால் கேட்கவே வேண்டாம். சேனைப் பாத்தியும் சேம்புப் பாத்தியும் ஏர் ஓட்டினாற்போலக் கிடக்கும். முள்ளம்பன்றி அப்படியில்லை. தென்னங்கன்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மண்ணோடு ஒட்டிய இடத்தில் குடைந்து, உள்ளே இருக்கும் இளசைத் தின்றுவிட்டுப் போய்விடும். கன்று சில நாள் பச்சையாகவே நிற்கும். அப்புறம்தான் நடுக்குருத்து வாடும். பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். காண்டாமிருக வண்டு குடைந்தாலும் குருத்து வாடத்தான் செய்யும், ஆனால் அது மேலே மட்டை இடுக்கில் துளை போட்டுச் சக்கையை வெளியே தள்ளியிருக்கும். அடியைப் பார்க்காமல், வண்டு என்று நினைத்துக் கடையில் மருந்து வாங்கிக் குருத்தில் ஊற்றுகிறவர்கள் இங்கே நிறைய. முள்ளம்பன்றிக்கு மருந்து இல்லை. கன்றைச் சுற்றிக் கம்பி வலையை அரை அடி மண்ணுக்குள் இறக்கிப் புதைப்பதுதான் எனக்குப் பலித்த வழி.

பன்றிக்குப் பழைய சேலை. மதுரை, விருதுநகர் பக்கம் பஸ்ஸில் போனால் கடலைக் காட்டைச் சுற்றிக் கலர் கலராகச் சேலை கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் படபடக்கும்வரைக்கும், மனித வாடை இருக்கும்வரைக்கும் பன்றியிடம் சேலைக்கு ஒரு மரியாதை உண்டு. வெளுத்துப் போனால் மாற்ற வேண்டும். காட்டுப்பன்றியைச் சுடுவது பற்றி 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு முடிவு சொன்னது: காட்டெல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடலாம், 3-க்கு அப்பால் வனத்துறையே சுடலாம். என் தோட்டம் முதல் கிலோமீட்டருக்குள். ஆகவே எனக்குச் சேலைதான்.

மரநாயிடம் எனக்குக் கோபத்தைவிடப் பொறாமை அதிகம். பழத்தின் பக்குவம் அதற்குத் தெரிகிற மாதிரி எனக்குத் தெரியாது. நாளைக்குப் பறிக்கலாம் என்று நான் விட்டுவைத்த பப்பாளியை இன்று ராத்திரி தின்னும். பக்கத்திலேயே இரண்டு நாள் பிந்திய காயைத் தொடாது. வந்துபோனதற்கு அடையாளம் மதில் மேல் இருக்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கழியும், அதில் பப்பாளி விதை, ஈச்சங்கொட்டை எல்லாம் முழுசு முழுசாக இருக்கும். மதிலோரம் நான் நடாமல் முளைத்த பப்பாளிகளுக்கு அதுதான் தாய்மாமன். காயில் முதல் மஞ்சள் கோடு விழுந்ததும் பறித்து வீட்டுக்குள் பழுக்க வைத்துவிட்டால் அதோடு வழக்கு முடிந்தது. எட்டாத உயரத்துப் பழங்களை நான் கணக்கில் வைப்பதே இல்லை.

வௌவாலுக்கும் அதே கதைதான். சப்போட்டா மரத்தடியில் காலையில் உருண்டை உருண்டையாக உலர்ந்த சக்கை கிடக்கும்: சாற்றை உறிஞ்சிவிட்டுத் துப்பியது. ஒன்றைக் கையில் எடுத்துப் பிரித்தால் நார் மட்டும் இருக்கும், இனிப்பு ஒரு சொட்டு மிஞ்சியிருக்காது. 1972 வன உயிரினச் சட்டத்தில் நெடுங்காலம் எலி, காக்கையோடு இதையும் சேர்த்துத் தீங்கு செய்யும் பிராணி என்று எழுதி வைத்திருந்தார்கள். 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். இலுப்பைக்கும் இலவுக்கும் ராத்திரியில் மகரந்தம் சுமக்கிறவர்களை இத்தனை காலம் அந்த வரிசையில் நிறுத்தியது எனக்கு எப்போதுமே உறுத்தலாக இருந்த விஷயம்.

பாம்பு விஷயத்தில் எனக்கு வீரம் கிடையாது, ஒழுங்கு உண்டு. தேங்காய் மட்டைக் குவியல், பழைய ஓடு, செங்கல் அடுக்கு மூன்றும் வீட்டிலிருந்து கிணற்றுக்கு அந்தப் பக்கம். இருட்டில் மோட்டார் போடப் போனால் டார்ச், காலில் பூட்ஸ். தரையில் பாய் விரித்துப் படுப்பது இல்லை. கட்டுவிரியன் ராத்திரி சஞ்சாரி, அது கடித்தது தூங்குகிறவனுக்குத் தெரியாமலே போகும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான், அது அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிறது. கயிறு கட்டுவதும் கீறி விடுவதும் மந்திரிப்பதும் நேரத்தைத் தின்கிற வேலை. சாரையை நான் விரட்டுவதில்லை, அது இருக்கிற வருஷம் எலி கடித்து உதிர்கிற குரும்பை குறைகிறது. மல்லிகைப் பந்தலில் தொங்கும் பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும் என்று ஊரே நம்புகிறது. அது ஓணானையும் தவளையையும் கொத்தும். பூப்பறிக்க வருகிற மதினியிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். "நீங்க மொதல்ல பறிச்சுக் காட்டுங்க அண்ணே, பெறகு நான் வாரேன்" என்றார். நியாயம்தான்.

சருகு விஷயத்தில்தான் எனக்கும் அவருக்கும் தீராத தகராறு. மாமரத்தடியில் நான் பெருக்குவதில்லை. பஞ்சவர்ணமும் சப்பட்டையும் உதிர்த்த இலை கணுக்கால் புதைகிற அளவுக்குக் கிடக்கும். தண்ணீர் மிச்சமாகும் என்றுதான் அப்படி விட ஆரம்பித்தது. சருகுக்கு அடியில் மண் ஈரமானது, மண்புழு வந்தது, அப்புறம் ஆறுமணிக்குருவி வந்தது.

இந்தப் பறவை இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தெற்கே இறங்கும். இலங்கை வரைக்கும் போகும். ராத்திரியில் பறந்து வருவதால் விளக்கில் மிரண்டு, ஜன்னல் கண்ணாடியில் முட்டி, விடியும்போது வாசலிலோ மோட்டார் ரூமிலோ சுருண்டு கிடக்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் யாரோ வளர்த்த கூண்டுப் பறவை தப்பி வந்துவிட்டது என்றே நினைப்பார்கள். பச்சை முதுகு, தோளில் மினுங்கும் நீலம், இளமஞ்சள் நெஞ்சு, அடிவயிற்றில் சிவப்பு, கண்ணை மூடி ஓடும் கறுப்புப் பட்டை. வால் இருக்கிறதா என்று தேட வேண்டும். எடுத்து, ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்தால் போதும். வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது, அரிசி போடக்கூடாது. தெளிந்து உள்ளே குதிக்க ஆரம்பித்ததும் மரத்தடியில் திறந்துவிட வேண்டியதுதான்.

தெளிந்தது பங்குனி வரைக்கும் இங்கேயே குளிர்காலத்தைக் கழிப்பதும் உண்டு. தத்தித் தத்தி வந்து நிற்கும். அலகால் ஓர் இலையைப் புரட்டி ஓரமாகப் போடும், தலையைச் சாய்த்துப் பார்க்கும், அடுத்த இலை. பொறுமையாக உட்கார்ந்தால் ஒரு வட்டத்தில் சருகெல்லாம் மல்லாந்து கிடப்பதைப் பார்க்கலாம். ஈரப்பக்கம் மேலே இருக்கும். பறவையைப் பார்க்காத நாளில்கூட இந்த வட்டம் காட்டிக் கொடுத்துவிடும். விடியலிலும் பொழுது சாயும்போதும் இரண்டு சீட்டியாகக் கூப்பிடும். கூட்டிப் பெருக்கிய தோட்டத்தில் அதற்கு வேலையே இல்லை. ஆனால் அதே சருகில் விரியனும் படுக்கும், மதினி சொல்வது தப்பில்லை. ஆகவே வீட்டைச் சுற்றி முற்றம் கழுவித் துடைத்தது மாதிரி இருக்கும். கிணற்றைத் தாண்டித்தான் சருகு. எங்கள் தொழிலில் பாதி இந்தத் தூரத்தை முடிவு செய்வதுதான்.

யானைக்கு இந்தக் கணக்கெல்லாம் முழுசாகப் பொருந்தாது. பலாப்பழ வாசனைக்கும் வாழைக்கும் இறங்கும் என்பது உண்மை. காவல் குடிசையில் அரிசியும் உப்பும் வைத்திருந்தால் சுவரை இடித்து எடுக்கும் என்பதும் உண்மை. ஆனால் நான் எதையும் வைக்காத வருஷமும் வந்திருக்கிறது. அதன் தடம் நமக்கு முந்தியது, தோப்புகள் அதன் மேல் ஏறிப் போய்க்கொண்டிருக்கின்றன. பல வருஷம் தண்ணீர் ஊற்றிய தென்னையைச் சாய்த்துக் குருத்தை மட்டும் தின்றுவிட்டு அடுத்ததற்குப் போகும்போது வயிறு எரியத்தான் செய்யும். எரிந்தாலும் கரண்ட் வேலி மட்டும் கூடாது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாரண்டஅள்ளி பக்கம் திருட்டு மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன; இரண்டு குட்டிகள் தனியே நின்றன. சூரியசக்தி வேலி போடுவதற்கும் பதிவு வேண்டும் என்று அதே வருஷம் தமிழ்நாட்டில் விதி வந்தது. பழத்துக்குள் அவுட்டுக்காய் என்கிற நாட்டு வெடியை வைப்பவனைப் பற்றிப் பேசவே எனக்கு வாய் கூசும்.

இராஜபாளையம் நாயை வைத்துக்கொள்ளச் சொல்கிறவர்கள் உண்டு. 2005-இல் தபால்தலையில் வந்த எங்கள் ஊர் வெள்ளை நாய், பன்றி வேட்டைக்குப் பேர் போனது. பன்றிக்குச் சரி. யானையைக் குரைத்துச் சீண்டிவிட்டு, அது திரும்பித் துரத்தும்போது நாய் எசமானிடம்தான் ஓடிவரும். தோப்புக் காவலுக்கு இருக்கும் பெரியவர் ராத்திரி நாயைக் கட்டிப்போடச் சொல்வார். "கொலைக்காத நாய்தான் தம்பி மலையடிவாரத்துக்கு" என்பார். யானை நின்றால் அவர் வனத்துறைக்குப் போன் போடுவார், குடிசையை விட்டு இறங்க மாட்டார். மறுநாள் போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி, நஷ்டஈட்டுக்கு மனு எழுதுவது என் வேலை.

சரணாலயத்துக்குப் பேர் கொடுத்த சாம்பல் நிற மலை அணிலுக்கு மனு ஏதுமில்லை. தென்னிந்தியக் காடுகள் சிலவற்றிலும் இலங்கையிலும் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது. தலையிலிருந்து வால் நுனி வரை இரண்டடிக்கு மேல் இருக்கும். புளி, மா, இளங்காய் எல்லாம் தின்னும், தரைக்கு இறங்க மட்டும் அதற்கு மனசு வராது. கிளையோடு கிளை கூடுகிற மரமாகப் பார்த்து இலைக்கூடு கட்டும். ஆபத்து வந்தால் நாலு பக்கமும் தாவி ஓட வழி வேண்டுமே. என் தோட்டத்துக்கு வருகிற வண்டிப்பாதையின் இரண்டு பக்கமும் பழைய புளியமரங்கள். மேலே கிளைகள் கைகோத்திருக்கின்றன. அந்த வழியாகத்தான் அது சாலையைத் தொடாமல் மாந்தோப்புக்குள் வருகிறது. ஒரு கிளை போனாலும் இறங்கித்தான் கடக்க வேண்டும், கீழே தெருநாய்கள்.

இப்போது அந்தக் கிளைகளுக்கு இடையே மின்கம்பி போகிறது. மழைக்கு முன்னால் கிளை வெட்ட வருவார்கள். வெட்டாவிட்டால் எங்களுக்குத்தான் கரண்ட் போகும். வருஷா வருஷம் நான் ஏணியோடு போய் நின்று, கம்பியைத் தொடுகிறதை மட்டும் கழிக்கச் சொல்லி, மேலே கூடுகிற இரண்டு கிளைக்குச் சுண்ணாம்பு பூசி வைக்கிறேன். "அணிலுக்குப் பாலம் கட்டுறீகளாக்கும்" என்று சிரித்துக்கொண்டே அரிவாளைத் தள்ளி வைக்கிறார் கிளை வெட்ட வருகிறவர். இந்தப் புரட்டாசியில் அந்த இரண்டில் ஒன்று பட்டுப்போயிருக்கிறது. எதிர்ப்பக்கத்து மரத்தில் ஓர் இளங்கிளையைக் கயிறு போட்டு இந்தப் பக்கம் வளைத்துவிட்டிருக்கிறேன். எட்டுவதற்கு இன்னும் மூன்று முழம் வேண்டும்.